வாசலில் அனுமதி, வாக்கிற்குச் சாட்சி

கலீபா உமர் (ரலி) அவர்களின் இல்லத்து வாசலில் ஒரு நாள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வந்து நின்றார்கள். ஸலாம் கூறி உள்ளே வர அனுமதி வேண்டினார்கள். பதில் இல்லை. இரண்டாம் முறை வேண்டினார்கள்; மூன்றாம் முறையும் வேண்டினார்கள். அப்போதும் பதில் வராமற்போகவே, வந்த வழியே திரும்பிவிட்டார்கள். அலுவலில் ஆழ்ந்திருந்த கலீபா அவர்கள் பின்னர் அவரை அழைத்து, ஏன் திரும்பிச் சென்றீர் என்று வினவினார்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை என்று அபூமூஸா (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். கலீபா அவர்கள் அத்துடன் விடவில்லை. நபிகளார் அவ்வாறு கூறியதற்குச் சாட்சி கொண்டுவருமாறு பணித்துவிட்டார்கள்!

அபூமூஸா (ரலி) அவர்கள் கலங்கியவராய் அன்சாரிகளின் சபைக்கு விரைந்தார்கள். அச்சபையில் வயதில் இளையவரான அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் உடன் சென்று சாட்சி பகர்ந்த பின்னரே கலீபா அவர்கள் அமைதியுற்றார்கள். அபூமூஸாவின் வாய்மையில் தமக்கு ஐயமில்லை என்றும், நபிகளாரின் பெயரால் மக்கள் மனம்போனபடி பேசத் தொடங்கிவிடக்கூடாதே என்ற அச்சமே தம்மை அவ்வாறு கேட்கச் செய்தது என்றும் பின்னர் அவர்கள் விளக்கியதாக அறிவிப்புகள் கூறுகின்றன.

இந்த ஒரு நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, வாசலில் அனுமதி. மற்றொன்று, வாக்கிற்குச் சாட்சி. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாசல் இருக்கிறது. கைபேசி என்பது அதன் பெயர். அதன் வழியே இரவும் பகலும் ஆட்கள் நுழைகின்றனர், அனுமதி கேட்பாரில்லை. செய்திகள் வந்து குவிகின்றன. சாட்சி கேட்பாரும் இல்லை. இணைய உலகில் நம் இல்லங்களுக்கு நேரும் இன்னல்களுள் பெரும்பாலானவை இவ்விரு பாடங்களையும் நாம் மறந்ததால் விளைந்தவையே.

அழையாது நுழைவோர்

1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனை அலுவலர், இணையத்தின் முன்னோடியாக விளங்கிய 'அர்ப்பாநெட்' என்னும் வலையமைப்பில் ஏறக்குறைய 400 பேருக்கு, அவர்கள் கேளாமலே ஒரு விளம்பர மடலை அனுப்பினார். இத்தகைய மடல்களுக்குப் பிற்காலத்தில் 'ஸ்பாம்' என்னும் பெயர் ஏற்பட்டது. அப்பெயர் வந்த வழி வேடிக்கையானது. 1937 முதல் அமெரிக்காவில் விற்பனையாகும், தகர டப்பாவில் அடைத்த பன்றியிறைச்சியின் பெயர் அது. 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவு விடுதியின் பட்டியலில் எதைப் பார்த்தாலும் அந்த இறைச்சியே இடம்பெற்றிருக்கும். வேண்டாம் என்றாலும் விடாது வந்து சேர்வதால் அழையா மடலுக்கும் அதுவே பெயராயிற்று. நம் அடுப்படிக்குள் ஒருநாளும் நுழையாத பொருள், பெயரளவில் நம் சட்டைப்பைக்குள் நுழைந்துவிட்டது!

பிறர் இல்லங்களுள் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையலாகாது என்றும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் திருமறை அந்நூர் அத்தியாயத்தில் (24:27, 28) கட்டளையிடுகிறது. அழையாதவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு என்பதும் இதனால் விளங்கும். விளம்பர அழைப்புகள் வேண்டா என்போர் 1909 என்னும் எண்ணில் அதனைப் பதிவு செய்துகொள்ள அரசு வழி செய்திருக்கிறது. வங்கிகள் கணக்கு தொடர்பாகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பரத்திற்கு 140 என்று தொடங்கும் எண்களையுமே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் பணித்தது. ஆகவே, சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து ஒருவர் தம்மை வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டால், அவர் வாசலில் நின்று ஸலாம் சொன்னவர் அல்லர். சுவரேறிக் குதித்தவர் என்று கொள்வதே அறிவுடைமை.

நாமே அறியாமல் கதவைத் திறந்துவிடும் நேரமும் உண்டு. ஏதோ ஒரு செயலியைப் பதிவிறக்கும்போது, கைபேசியில் உள்ள பெயர்களையும் எண்களையும் பார்க்கலாமா என்று அது கேட்கிறது. படித்துப் பாராமல் சம்மதம் அளித்துவிடுகிறோம். அந்த எண்கள் யாருடையவை? நம் சகோதரியின் எண், அண்டை வீட்டாரின் எண், மதரஸா உஸ்தாதின் எண். அவர்கள் நம்மை நம்பித் தந்த அமானிதம் அது. உடனடிக் கடன் தருவதாகக் கூறும் சில செயலிகள் இந்த எண்களைக் கைப்பற்றி, கடன் வாங்கியவரின் உற்றார் உறவினர் அனைவருக்கும் இழிவான செய்திகளை அனுப்பி மானத்தை வாங்கிய கொடுமை நாடெங்கும் நடந்திருக்கிறது. ஒரு விரல் அசைவில் பிறர் அமானிதத்தை அந்நியன் கையில் கொடுத்துவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாவா?

தானியக் குவியலில் கை விட்டார்கள்

மதீனத்துக் கடைவீதியில் சென்றுகொண்டிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் அவர்கள், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். விற்பவனுக்கு இது எச்சரிக்கை. வாங்குபவனுக்கோ வேறொரு படிப்பினை: மேலே தெரிவதை மட்டும் பாராதே, உள்ளே கை விட்டுப் பார்!

கொங்கு நாட்டாருக்கு இது புதிய பாடமன்று. ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளை உடைத்துப் பாராமல் விலை பேசுவாரில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்குவாரில்லை. திருப்பூரில் துணியை விரலிடை தேய்த்துப் பாராமல் ஆர்டர் கொடுப்பாரில்லை. ஆயினும், இத்துணை விழிப்புள்ள மண்ணில்தான் 2008ஆம் ஆண்டு 'பாசி ஃபாரெக்ஸ்' என்னும் நிறுவனம் திருப்பூரில் முளைத்தது. அந்நியச் செலாவணியை இணையத்தின் வழியே வாங்கி விற்று, மாதந்தோறும் பெருந்தொகை தருவதாக அது ஆசை காட்டியது. 58,571 பேரிடமிருந்து ரூ.930 கோடிக்கு மேல் திரட்டியது, 2009இல் சரிந்தது. சிபிஐ விசாரித்த அவ்வழக்கில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறையும் ரூ.171 கோடிக்கு மேற்பட்ட அபராதமும் விதித்தது.

மாட்டின் பல்லைப் பார்ப்பவர்கள் இதனை ஏன் பார்க்கவில்லை? முதலில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னபடி பணம் வந்தது. அதனைக் கண்டு உறவினர் சேர்ந்தனர். பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுப்பதுதான் அந்த வியாபாரம் என்பதை எவரும் உள்ளே கை விட்டுப் பார்க்கவில்லை. வணிகத்தை அனுமதித்து வட்டியைத் தடுத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், நட்டமே வாராது என்று உறுதி கூறும் வணிகம் வணிகம்தானா என்று கேட்டிருக்க வேண்டும். இன்று அதே சரக்கு பங்குச் சந்தைக் குழு என்றும், வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை என்றும், மலிவு விலை உம்ரா என்றும் புதிய சாக்கில் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிறது. ஹஜ்ஜுக்கு இந்திய ஹஜ் கமிட்டியும் அரசிடம் பதிவு பெற்ற பயண ஏற்பாட்டாளர்களும் இருக்க, முகமறியாதவனின் கணக்கில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுவானேன்?

சாட்சியை விலக்குபவன்

ஆசை காட்டுவது ஒரு வழி. அச்சம் காட்டுவது மற்றொரு வழி. உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்று ஒரு குரல் சொல்லும். அடுத்து, போலீஸ் சீருடையணிந்த ஒருவன் வீடியோவில் தோன்றுவான். நீங்கள் 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டிருக்கிறீர்கள், அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பான். வங்கியில் உள்ள பணத்தைச் சோதனைக்காக அனுப்புங்கள், திரும்பி வந்துவிடும் என்பான். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை என்று 2024 அக்டோபர் 27ஆம் நாள் பிரதமரே வானொலியில் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டில் மட்டும் இந்திய மக்கள் இணைய மோசடிகளால் இழந்த தொகை ரூ.22,845 கோடி என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் அது ரூ.7,465 கோடியாக இருந்தது.

இம்மோசடிகள் அனைத்திலும் ஒரு பொது அடையாளம் உண்டு. "வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பதே அது. மனைவியிடம் சொல்லாதே, மகனிடம் சொல்லாதே, இணைப்பைத் துண்டிக்காதே, இப்போதே செய் என்று அவசரப்படுத்துவான். கலீபா உமர் (ரலி) அவர்களோ சாட்சியைக் கொண்டுவா என்றார்கள். உண்மைக்குச் சாட்சியைக் கண்டு அச்சமில்லை. பொய்க்கு அதுதான் எமன். ஆகவே, சாட்சியை அழைக்காதே என்று ஒருவன் சொல்லும் கணமே அவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. அவனைக் கண்டுகொள்ள ஆங்கிலமோ கணிப்பொறி அறிவோ தேவையில்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடும் துணிவு ஒன்றே போதும்.

மறுமுனையில் இருப்பவர்

அந்தக் குரலுக்குரியவர் யார் என்றும் சிந்திக்க வேண்டும். வெளிநாட்டில் கணிப்பொறி வேலை என்ற இணைய விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள், மியான்மர் எல்லையில் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்கு வற்புறுத்தப்பட்டனர். அவ்வாறு சிக்கியவர்களுள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இவ்வாறு அடைபட்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு வரும் செய்தியையும் விசாரிக்க வேண்டியதன் அவசியம் இதனால் புலப்படும்.

ஊரை விட்டுப் போகாமலே இக்குற்றத்தில் பங்காளியாகும் வழியும் ஒன்றுண்டு. உன் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறேன், கமிஷன் தருகிறேன் என்று கல்லூரி மாணவர்களை அணுகுகின்றனர். யாரோ ஒரு விதவையின் சேமிப்பு அக்கணக்கின் வழியே பாய்ந்து மறையும். போலீசார் முதலில் வந்து தட்டுவது அம்மாணவனின் வீட்டுக் கதவைத்தான். ஒருவர் மற்றவர் பொருளைத் தவறான வழியில் உண்ணலாகாது என்பது திருமறையின் கட்டளை (2:188). அக்கிரமத்திற்கு உள்ளானவனுக்கு உதவுவது போலவே அக்கிரமம் செய்பவனுக்கும் உதவுங்கள் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விளக்கினார்கள். நம் பிள்ளைகளின் கையை நாம் முன்கூட்டியே தடுப்போமாக.

வதந்தியின் விலை

பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். உயிர் போனால்? 2018 மே 9ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் நடமாடுகின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த பொய்யை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அப்பொய்யை அனுப்பியவர்கள் எவரும் கல்லெடுத்தவர்கள் அல்லர். வீட்டில் அமர்ந்து விரலால் ஒரு முறை தொட்டவர்கள், அவ்வளவே.

2023 மார்ச்சில் நம் கொங்கு மண்ணே இத்தகைய நெருப்பின் விளிம்பில் நின்றது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய்யானவை என்று அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு அறிவித்தார். பரப்பப்பட்ட காட்சிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினரிடையே நடந்த சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்டது. ஆயினும் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் பலர் அஞ்சி நடுங்கினர். பீகார் அரசின் குழு கோவைக்கும் திருப்பூருக்கும் வந்து நேரில் விசாரித்துத் தெளிந்தது. 1997 நவம்பரையும் 1998 பிப்ரவரியையும் கண்ட கோவை மக்களுக்கு, ஒரு நகரின் அமைதி எவ்வளவு எளிதில் குலையும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பனூமுஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸக்காத் திரட்ட அனுப்பப்பட்ட வலீத் பின் உக்பா என்பார், தம்மை எதிர்கொள்ள வந்தவர்களைக் கண்டு அஞ்சித் திரும்பி, அவர்கள் ஸக்காத் தர மறுத்துவிட்டனர் எனத் தெரிவித்தார். வரவேற்க வந்தவர்கள் பகைவராகக் கருதப்படும் நிலை உண்டாயிற்று. இத்தருணத்தில்தான், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்னும் கருத்தமைந்த வசனம் (49:6) அருளப்பட்டது என விரிவுரையாளர் பலர் கூறுவர். தெரிந்தவர் கொண்டுவந்த செய்திக்கே இந்த விசாரணை என்றால், அனுப்பியவர் யாரென்றே தெரியாத செய்திக்கு எவ்வளவு விசாரணை வேண்டும்!

பக்தியின் பெயரால்

நாம் சற்றே வெட்கப்பட வேண்டிய செய்தி இனி வருவது. மதீனாவில் நபிகளாரின் அடக்கத்தலத்தைக் காக்கும் ஷைகு அஹ்மது என்பார் கனவு கண்டாராம். அதனை இத்தனை பேருக்கு அனுப்பினால் செல்வம் பெருகும். அனுப்பாவிட்டால் துன்பம் நேரும் என்று ஒரு செய்தி நம் கைபேசிகளில் உலவுகிறது. இதே கனவு முன்பு அஞ்சலட்டையிலும் அச்சிட்ட துண்டுத்தாளிலும் வந்ததை நம் இல்லத்து முதியவர்கள் அறிவார்கள். உண்மையில் அது அதனினும் பழையது. 1880இல் கிழக்கிந்தியத் தீவுகளில் பரவிய ஒரு பிரதியை டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்கிரோன்யே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ரஷீத் ரிளா தம் 'அல்மனார்' இதழில் மறுத்தார். பிற்காலத்தில் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தியாக விளங்கிய ஷைகு இப்னு பாஸ் அவர்களும் இது பொய்யென விரிவாக எழுதினார். ஆயினும், 1880இல் கனவு கண்ட ஷைகு அஹ்மது இன்னும் விழித்தெழவில்லை!

ஒரு நபிமொழியை ஏற்பதற்கு, அதனைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று சங்கிலித் தொடராக ஆராயும் இஸ்னாத் என்னும் கலையை உலகுக்கு அளித்த சமுதாயம் நம்முடையது. அதற்காகவே இமாம் புகாரீ, இமாம் முஸ்லிம் போன்ற பெருமக்கள் ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். அவர்களின் வழி வந்த நாம், "வந்ததை அப்படியே அனுப்புகிறேன்" என்ற ஒரு வரியை இஸ்னாதாக்கிவிட்டோம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபிமொழி. நன்மை என்று எண்ணி அனுப்பினோம் என்பது நபிகளாரின் பெயரில் பொய்யைப் பரப்பியதற்குச் சமாதானம் ஆகிவிடுமா?

வீட்டில் செய்யத்தக்கவை

ஒவ்வொரு இல்லத்திலும் மூன்று கேள்விகள் பழக்கமாக வேண்டும். இதனைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதற்குச் சாட்சி யார்? விடை கிடைக்கும் வரை பணமும் போக வேண்டா, செய்தியும் போக வேண்டா. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கொடுப்பதற்கே தேவை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருக. திருமண அழைப்பு என்ற பெயரில் வரும் கோப்பும் செயலியாக இருக்கலாம். அனுப்பியவரை அழைத்துக் கேட்ட பின்னரே திறக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏமாந்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு ஓடிக்கொண்டேயிருக்கும். உடனே சொன்னால் இடையிலேயே நிறுத்தி வைக்க இயலும். நாள் கடந்தால் கைக்கெட்டாது. ரகசிய எண்ணைத் தாமே கொடுத்து ஏமாந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பைத் தாமே சுமக்க வேண்டும் என்றுதான் ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது.

ஆனால் பலர் சொல்வதில்லை. ஏன்? வெட்கம். மகளின் திருமணத்திற்கு வைத்திருந்த பணத்தை இழந்த தாய், கணவர் ஏசுவாரே என்று வாய் மூடியிருக்கிறாள். ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த அத்தா, பிள்ளைகள் எள்ளுவார்களே என்று மறைக்கிறார். அந்த மௌனமே கள்வனுக்குக் காவலாகிவிடுகிறது. "யாரிடமும் சொல்லாதே" என்று அவன் இட்ட கட்டளையை, அவன் போன பின்னும் நம் வீட்டின் கடுஞ்சொல் நிறைவேற்றித் தருகிறது! ஏமாந்தவரை ஏசாத வீட்டில்தான் சாட்சியை அழைக்கும் துணிவு பிறக்கும். அடுத்த அறையில் இருப்பவர் அன்போடு எழுந்து வருவார் என்ற நம்பிக்கை இருந்தால், எந்தக் கள்வன் எத்தனை முறை தட்டினாலும் அந்த வாசல் திறவாது.

நம் வாசல்களையும் நாவுகளையும் விரல்களையும் காத்துக்கொள்ளும் விழிப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.